கொடாததைக் கொள்ளுதல்

ஒருவன் ஒரு பொருளை வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பின்னர் அதை மறந்துபோய், வேண்டாம் என்று சொல்லாமலே இருந்துவிடுவானாகில், அந்த மறதியையே அவனுடைய சம்மதமாகக் கொண்டு மாதந்தோறும் அவன் பணத்தை எடுத்துக்கொள்ளுவது தர்மமாகுமா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு வக்கீல்களும் நீதிபதிகளும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் சம்மதம் என்பது யாது, அது மனத்தில் எப்போது பிறக்கிறது, எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்று சற்று ஆழ்ந்து கேட்கத் தொடங்கினால், சமய நூல்களும் தரும நூல்களும் நெடுங்காலமாக விசாரித்துவந்த விஷயமே இது என்பது விளங்கும்.

இணையத்தின் வழியே திரைப்படமும் இசையும் பாடமும் பத்திரிகையும் வழங்குகிற நிறுவனங்கள் பல, ஏழு நாளோ ஒரு மாதமோ இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்று நம்மை அழைக்கின்றன. ‘ஃப்ரீ டிரயல்’ என்று இன்று சிறு பிள்ளைகளும் சொல்லுகிற அந்த அழைப்பை ஏற்கும்போதே, வங்கி அட்டையின் எண்ணையோ யுபிஐ அனுமதியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுகின்றன. குறித்த நாள் கடந்ததும், நாம் ஒன்றும் சொல்லாவிடில், சந்தா தானாகவே தொடங்கிவிடுகிறது. உள்ளே செல்லும் வழி ஒரே பொத்தான். வெளியே வரும் வழி அப்படியன்று. கணக்கு என்ற பகுதிக்குள் அமைப்புகள் என்றும், அதற்குள் உறுப்பினர் விவரம் என்றும் அடுக்கடுக்காகத் தாண்டிச் சென்று, ரத்து செய் என்ற சொல்லைத் தேடிப் பிடித்து அழுத்தினால், நாம் இழக்கப்போகும் சலுகைகளின் பட்டியல் வரும். அதைக் கடந்தால், பாதி விலைக்குத் தருகிறோம் என்ற ஆசை வார்த்தை வரும். அதையும் மறுத்தால், ஏன் போகிறீர்கள் என்ற வினாத்தாள் வரும். ஒவ்வொரு திரையிலும் ‘தொடர்கிறேன்’ என்பது பளிச்சென்ற நிறத்தில் பெரிய பொத்தானாகவும், ‘வேண்டாம்’ என்பது சாம்பல் நிறத்தில் பொடியெழுத்தாகவும் இருக்கும். பாதி வழியில் சலித்துப்போய்த் திரையை மூடிவிடுகிறவன், தான் விடுபட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளுவான். கடைசித் திரையில் ஒரு முறை அழுத்தாத குற்றத்துக்காக அவன் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இது தற்செயலாக நேர்ந்த குழப்பம் அன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூன் மாதத்தில் அமேசான் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், அந்நிறுவனத்தின் ‘பிரைம்’ சந்தாவை ரத்து செய்யும் முறைக்கு உள்ளே வைத்திருந்த பெயர் ‘இலியட்’ என்று குற்றம் சாட்டியது. பத்தாண்டு நீண்ட திரோய் யுத்தத்தைப் பாடிய கிரேக்க மகாகவி ஹோமரின் காவியத்தின் பெயர் அது. சேருவதற்கு ஓரிரு அழுத்தங்கள் போதுமாயிருக்க, விலகுவதற்கு நான்கு பக்கங்களையும் ஆறு அழுத்தங்களையும் பதினைந்து தெரிவுகளையும் கடக்க வேண்டியிருந்தது என்பது ஆணையத்தின் வாதம். 2025 செப்டம்பரில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 100 கோடி டாலரை அபராதமாகவும், 150 கோடி டாலரைச் சந்தாதாரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகவும் செலுத்த இணங்கியது. வெளியேறும் வழியின் நீளத்தை ஒரு யுத்த காவியத்தோடு ஒப்பிட்டுப் பெயரிடுகிற அளவுக்கு அதை அறிந்திருந்தவர்கள், அதை அறிந்தே அமைத்தார்கள் என்று கொள்ளுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சோதித்துப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்முடைய நூல்களுக்குப் புதிதன்று. வாங்கியதையோ விற்றதையோ பற்றிப் பின்னால் மனம் வருந்துகிறவனுக்கு என்ன செய்வது என்பதைத் தரும சாஸ்திரங்கள் பதினெட்டு விவகாரத் தலைப்புகளில் ஒன்றாகவே வைத்து ஆராய்கின்றன. வாங்கினவனோ விற்றவனோ பத்து நாளுக்குள் மனம் மாறினால் பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் மனு இடம் தருகிறார். நாரதரோ இன்னும் நுணுக்கமாகச் சென்று, கறவைப் பசுவுக்கு மூன்று நாள், பொதி சுமக்கும் மாட்டுக்கு ஐந்து நாள், முத்துக்கும் வைரத்துக்கும் பவளத்துக்கும் ஏழு நாள், விதைக்குப் பத்து நாள், இரும்புக்கும் துணிக்கும் ஒரே நாள் என்று பரீட்சைக் காலம் வகுத்துவைத்தார். பசு பால் கறக்கும் அளவு மூன்று நாளில் தெரிந்துவிடும்; விதையின் முளைப்புத்திறன் தெரியப் பத்து நாள் வேண்டும். பொருளின் சுபாவத்தை அறிவதற்கு மனிதனுக்கு எவ்வளவு அவகாசம் தேவையோ அதுவே சோதனைக் காலத்தின் அளவு என்ற நியாயம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவன் எத்தனை நாளில் மறந்துபோவான் என்ற கணக்கு அதில் இல்லை.

இஸ்லாமிய தருமமும் இதே இடத்தைத் தொட்டிருக்கிறது. வியாபாரம் என்பது இருதரப்பும் மனமொப்பிச் செய்வதாக இருக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனின் விதி. கொள்முதலில் அடிக்கடி ஏமாந்துபோகிற ஒரு மனிதரைப்பற்றி நபிகள் நாயகத்திடம் முறையிட்டபோது, வாங்கும் நேரத்தில் இதில் வஞ்சனை கூடாது என்று சொல்லிவிடுமாறு அவருக்கு நாயகம் அறிவுறுத்தினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அந்த அடிப்படையிலிருந்து சட்ட அறிஞர்கள் விரித்த ‘கியார்’ என்ற உரிமை, பேரத்தை முறித்துக்கொள்ள வாங்கினவனுக்கு மூன்று நாள் வரை அவகாசம் அளிக்கிறது. இதில் நான் மிகவும் மதிப்பது, அந்தப் பாதுகாப்பு யாருக்காக எழுந்தது என்பதையே. சாமர்த்தியசாலிக்காக அன்று, ஏமாறுகிற சுபாவமுள்ளவருக்காக அது எழுந்தது. ஏமாறுகிறவன் ஏமாறுவது அவன் குற்றம் என்று அந்தத் தீர்ப்பு கைகழுவவில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். நாரதரின் விதிப்படியும், மூன்று நாள் கடந்தபின் பசு வாங்கினவனுக்கே சொந்தமாகிவிடுகிறது. ‘கியார்’ காலம் முடிந்தபின் பேரம் உறுதியாகிவிடுகிறது. அங்கும் மௌனம் சம்மதமாகத்தானே கொள்ளப்படுகிறது, இக்காலத்து நிறுவனம் அதையே செய்தால் மட்டும் எப்படித் தவறாகும் என்று கேட்பார்கள். கேள்வி கூர்மையானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பழைய விதியில் வாங்குகிறவன் பசுவை வாங்குவதாகவே முதலில் தீர்மானித்து விலையும் கொடுத்துவிட்டான். சோதனைக் காலம் அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒரு வாசல். மனம் மாறினால் பசுவை ஓட்டிக்கொண்டு விற்றவன் வீட்டுக்குப் போய் நின்றால் போதும். விற்றவன் தன் வீட்டைப் பெயர்த்து வேறு தெருவில் ஒளித்துவைக்க முடியாது. வந்தவனை நான்கு கூடங்களில் உட்காரவைத்து, பசுவின் பெருமைகளைப் பட்டியல் வாசித்து, அவன் களைத்து எழுந்து போனால், பசு உனக்குத்தான் என்று சொல்லவும் முடியாது. அன்றியும் அங்கே கொள்ளப்படுவது ஒரே ஒரு விலை. இங்கே ஒரு மௌனத்தைக் கொண்டு இந்த மாதமும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் விலை கொள்ளப்படுகிறது. போவதற்குச் சுலபமான வழி இருந்தும் போகாதவனுடைய மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. போக வழி தெரியாதவனுடைய மௌனத்துக்கு அந்த அர்த்தத்தைக் கற்பிப்பது பொய்.

மௌனத்தின் பொருள் என்ன என்பதை 1862-இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று தீர்மானித்த வரலாறு நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. பெல்ட்ஹவுஸ் என்பவர் தம் சகோதரன் மகனுடைய குதிரை ஒன்றை வாங்க விரும்பி, விலையைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, மறுமொழி வராவிட்டால் குதிரை தமக்கே உரியது என்று எண்ணிக்கொள்ளுவதாகவும் தெரிவித்தார். அந்தப் பிள்ளை மறுமொழி எழுதவில்லை. ஆனால் விற்றுவிடுவதென்றே மனத்தில் நிச்சயித்து, ஏலக்காரரிடம் அந்தக் குதிரையை ஒதுக்கிவைக்கும்படி சொல்லியும் இருந்தான். ஏலக்காரர் தவறுதலாக அதை விற்றுவிட்டார்; வழக்கு வந்தது. பிள்ளையின் மௌனம் சம்மதமாகாது, மறுமொழி சொல்லும் கடமையை அவன்மேல் சுமத்தப் பெரியவருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பு. மனத்தில் உண்மையாகவே இசைவு இருந்தும், வாய் திறந்து சொல்லாத காரணத்தால் அது இசைவாகாது என்றார்கள் அந்நாளைய நீதிபதிகள். மனத்தில் இசைவே இல்லாதபோதும், வாய் திறந்து மறுக்காத காரணத்தால் அது இசைவுதான் என்கிறது இந்நாளைய சந்தா முறை. முதலிலேயே நிபந்தனைகளுக்கு ஒப்பிக் கட்டத்தில் குறியிட்டாயல்லவா என்று நிறுவனம் சொல்லும். சட்டத்தின் கண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இருக்கலாம். அந்தக் குறி எத்தனை காலத்துக்கு ஒருவனுடைய சித்தத்தைக் கட்டும் என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டு அனுஷ்டானங்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன என்று நான் நம்புகிறேன். வைதிகக் கர்மம் எதைத் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சங்கல்பத்தில் வருஷம், அயனம், ருது, மாசம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம் எல்லாம் சொல்லப்படுகின்றன. இந்த நாளில், இந்த இடத்தில், இந்தக் காரியத்தை நான் செய்கிறேன் என்பது அதன் தாத்பரியம். ஐம்பது வருஷமாகத் தினந்தோறும் பூஜை செய்கிற முதியவருக்கும் நேற்றைய சங்கல்பம் இன்றைக்குச் செல்லாது. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ரமலான் முப்பது நோன்புக்கும் ஒவ்வோர் இரவும் நிய்யத் வைக்கிறார்கள். மாதம் முழுவதும் நோன்பிருக்கப் போவது ஊரறிந்த விஷயமாக இருந்தும், நாளைய நோன்புக்கு இன்றைய இரவின் எண்ணம் வேண்டும் என்கிறார்கள். மனிதனுடைய சங்கல்பம் ஒரு முறை மூட்டிவிட்டால் தானே எரிந்துகொண்டிருக்கும் பொருள் அன்று, அது நாள்தோறும் புதிதாகப் பிறக்க வேண்டியது என்ற அறிவு இவ்விரண்டு வழக்கங்களிலும் இருக்கிறது. கடவுளுக்குச் செய்கிற காரியத்திலேயே நேற்றைய இசைவை இன்றைக்குக் கொள்ளாதபோது, பணம் கொள்ளுகிற காரியத்தில் சென்ற வருஷத்து இசைவை இந்த வருஷத்துக்கும் நீட்டிக்கொள்ளுவதற்கு யாருக்கு அதிகாரம் உண்டு?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பக்திப் பாடல்கள் கேட்பதற்காக ஒரு செயலியை ஒரு ரூபாய்ச் சோதனைக்கு எடுத்துக்கொண்டவர், இரண்டு நாள் கேட்டுவிட்டு, பிடிக்காமல் அதைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டார். சில மாதங்கள் கழித்துப் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வாங்கிவந்தபோது, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் நூற்றுச் சொச்ச ரூபாய் குறைந்திருப்பதைக் கண்டார். அந்த வரியில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட குறியீடு. “தம்பி, அந்த ஆப்பையே நான் அழித்துவிட்டேனே, பிறகும் எப்படிப் பணம் போகும்?” என்று அவர் என்னிடம் கேட்டபோது, “ஐயா, ஆப்பை அழித்தால் சந்தா அழியாது; ஆட்டோபே தனியாக நிற்கிறது” என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பணம் அனுப்பும் செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து காட்டியபோது, அங்கே அந்தப் பெயர் உயிரோடு இருந்தது. ரத்து செய்வதற்கும் ரகசிய எண்ணைக் கேட்டது. பணம் கொடுப்பதற்குத்தானே அந்த எண்ணைப் போட வேண்டும், நிறுத்துவதற்கு எதற்கு என்று விரலை எடுத்துவிட்டார். மெல்ல விளக்கிச் சொல்லித்தான் முடிக்க நேர்ந்தது. பிறகு அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே: இதைத் தம் மகனிடம் சொல்ல வேண்டாம் என்பது.

போன பணம் பெரிதன்று. அந்த வேண்டுகோள்தான் என் மனத்தை உறுத்துகிறது. கொண்டவனுக்கு வர வேண்டிய வெட்கம் இழந்தவனுக்கு வருகிறது. தமக்கு வயதாகிவிட்டது, தம் புத்தி தளர்ந்துவிட்டது, இனித் தம்மை ஒருவரும் நம்பிப் பணத்தை விடமாட்டார்கள் என்று ஒரு கண்ணியமான மனிதரைத் தம்மைப்பற்றியே எண்ணவைப்பது, அவருடைய பணத்தைக் கொள்ளுவதைவிடப் பெரிய பாதகம் என்பது என் அபிப்பிராயம்.

பௌத்தர்களின் ஐந்து சீலங்களில் இரண்டாவது, திருடாதே என்பதைக் காட்டிலும் விரிந்த ஒன்று: கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமல் இருத்தல் என்பதே அந்த விரதம். பூட்டை உடைத்தானா, இருட்டில் வந்தானா என்று எடுத்தவனுடைய செய்கையை மட்டும் அது பார்ப்பதில்லை. உடையவன் கொடுத்தானா என்று கேட்கிறது. ஜைனர்களும் இதையே அஸ்தேய விரதமாகக் கொண்டார்கள். உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் இந்த விரதத்தைக் கறைப்படுத்தும் செய்கைகளை எடுத்துரைக்கும்போது, பிறரைத் திருடத் தூண்டுவதோடும் திருட்டுப் பொருளை வாங்குவதோடும் நில்லாமல், கள்ள அளவைகளையும் போலிச் சரக்கையும் அவற்றுக்குச் சமமாக வைத்தார். கொடுக்கும்போது ஒரு படி, வாங்கும்போது வேறொரு படி என்று இரண்டு அளவை வைத்திருந்த வியாபாரியைத் திருடனோடு சேர்த்தது அந்தத் தருமம். நுழைவதற்கு ஒரு பொத்தானும் வெளியேறுவதற்கு ஆறு திரையும் வைத்திருப்பவன் கையில் இருப்பதும் இரண்டு படிதான். அளக்கப்படுவது தானியமாக இல்லாமல் மனிதனுடைய பொறுமையாக இருக்கிறது என்பதே வித்தியாசம்.

வாங்குகிறவர்மேல் குற்றமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நீளுகிற கைக்குப் பின்னால் லோபம் இருக்கத்தான் செய்கிறது. தேவை இல்லாததை விலையில்லை என்பதற்காகவே எடுத்துக்கொள்ளும் மனம் ஆராயத்தக்கது. மறதியும் அலட்சியமும் ஆன்மிக வாழ்க்கையில் சிறு குற்றங்கள் அல்ல. விழிப்போடு இருங்கள் என்பதே புத்தர் பெருமான் கடைசியாகச் சொல்லிச் சென்ற உபதேசம். ஆனால் அந்த உபதேசம் மனிதன் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பிறருடைய விழிப்பின்மையையே முதலாக வைத்து வியாபாரம் நடத்துகிறவன், நீ விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கு உபதேசிக்கும் யோக்கியதையை இழந்துவிடுகிறான். அவன் இலவசம் என்று நீட்டியதும் தானம் அன்று. கைம்மாறு கருதிக் கொடுப்பதை ராஜஸ தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் கீழே இறக்கிவைக்கிறது. மறுமைப் பயனை எண்ணிக் கொடுப்பதைக்கூட அறத்தை விலைக்கு விற்பதாகக் கருதி, ஆய் வள்ளல் அத்தகையவன் அல்லன் என்று சங்கப் புலவர் ஏணிச்சேரி முடமோசியார் புகழ்ந்தார். கொடுத்ததை மறந்துவிடுகிறவன் வள்ளல். வாங்கினவன் மறந்துபோவதற்காகக் காத்திருக்கிறவனுக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் தருகிற தளங்கள் ரத்து செய்வதற்கும் பொத்தான் வைக்க வேண்டும் என்ற சட்டம் நடக்கிறது. நம் நாட்டில் 2021 அக்டோபர் முதல், தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாகவே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தின் வஞ்சக முறைகள் என்று பதின்மூன்றை வகுத்து, சந்தாப் பொறியையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தன. அமெரிக்காவிலோ, சேருவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக விலகவும் வழி செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரில் பிறப்பித்த விதியை, அது நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 2025 ஜூலை 8-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விதி இயற்றிய முறையில் கண்ட குறைக்காகத் தள்ளிவிட்டது. சட்டம் வரும், போகும். வங்கி அனுப்புகிற முன்னறிவிப்பும் நூறு விளம்பரச் செய்திகளுக்கிடையே வந்து விழுந்து, படிக்கப்படாமல் கிடக்கிறது.

ஆகையால் என் வேண்டுகோள் சட்டம் இயற்றுவோரைக் காட்டிலும், இந்தத் திரைகளை வரைகிற இளைஞர்களை நோக்கியது. அவர்களில் கணிசமானவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள். தீங்கைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததைக் கண்டு இசைவது ஆகிய மூன்றையும் பதஞ்சலி முனிவர் ஒரே வரிசையில் வைத்தார். மேலதிகாரி சொன்னார், நான் வரைந்தேன் என்ற சமாதானம் அந்த வரிசைக்கு வெளியே நம்மை நிறுத்தாது. தம்பிகளே, தங்கைகளே, சாம்பல் நிறப் பொடியெழுத்தைப் போடச் சொல்லி உங்களிடம் ஒரு வரைபடம் வரும்போது, அதைக் கைபேசியில் தடவித் தடவித் தேடப்போகிற முதிய விரலை எண்ணிப் பாருங்கள். ஒரு முறையாவது ஆட்சேபம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். சேரும் பொத்தான் எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எந்த நிறத்தில் இருக்கிறதோ, விலகும் பொத்தானையும் அதே பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில் வையுங்கள்.